ஏழு வயதில் எழுதிய வரலாறு

அறிவியல் சங்கங்களின் கதை – 6

சங்கம் என்று ஒன்று இருந்தால் வெள்ளி விழாவுக்கு ஒரு மலர், பொன்விழாவுக்கு ஒரு மலர் என்று போடுவார்கள். லண்டன் ராயல் சொசைட்டிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. 1660 நவம்பரில் பிறந்த அந்தச் சங்கம், 1667-லேயே தன் வரலாற்றைப் புத்தகமாக அச்சிட்டுவிட்டது. எழுதியவர் தாமஸ் ஸ்ப்ராட் என்ற பாதிரியார். உள்ளே நுழைந்ததும் ஒரு படம்: இரண்டாம் சார்லஸ் மன்னரின் மார்பளவுச் சிலைக்குப் புகழ் தேவதை மாலை சூட்டுகிறாள்.

ஏன் இந்த அவசரம்? காற்றுக்கு எடை பார்க்கிறார்களாம் என்று மன்னரே கேலி செய்து சிரித்த காலம் அது. அவர் பட்டயம் கொடுத்தார், பணம் கொடுக்கவில்லை. சோதனை, ஆராய்ச்சி என்று போனால் மதம் என்ன ஆவது என்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். ஆகவே ஸ்ப்ராட்டின் புத்தகம் பாதி வரலாறு, பாதி வக்காலத்து.

வக்காலத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நுண்கணிதத்தை முதலில் கண்டவர் நியூட்டனா, லைப்னிஸா என்ற சண்டை முற்றியபோது, சங்கத்தின் உறுப்பினரான லைப்னிஸ் அந்தச் சங்கத்திடமே முறையிட்டார். அப்போது தலைவர் நியூட்டன். 1712-ல் விசாரணைக் குழு அமைந்தது. நியூட்டனே முதல்வர் என்று அறிக்கை வந்தது. அறிக்கையை எழுதியவரும் நியூட்டன்தான். அது புத்தகமாக வந்த பிறகு, 1715-ல் சங்கத்தின் இதழிலேயே பெயர் போடாமல் நீண்ட மதிப்புரையும் எழுதினார். பிரதிவாதி, நீதிபதி, தீர்ப்பைப் பாராட்டும் பத்திரிகை, எல்லாம் ஒரே ஆள்.

இது நமக்கு எப்படித் தெரியும்? நியூட்டன் தன் கைப்பட எழுதிய வரைவுகள் அழியாமல் இருப்பதால். சங்கம் அலங்கரித்துத் தந்த வரலாற்றை, யாரும் அலங்கரிக்காத காகிதம் திருத்துகிறது.

விஞ்ஞானி ராபர்ட் ஹூக், சங்கத்தின் பதிவுகளை அப்படியே நம்ப முடியாது என்பதை முன்பே உணர்ந்திருந்தார். செயலாளர் ஓல்டன்பர்க் தன் கண்டுபிடிப்புகளைக் கூட்டக் குறிப்புகளில் இருட்டடிப்புச் செய்கிறார் என்பது அவர் சந்தேகம். 1677-ல் ஓல்டன்பர்க் இறந்து, ஹூக் செயலாளரானதும், பழைய குறிப்பேடுகளைப் புரட்டினார். வேண்டியதைப் பிரதி எடுத்தார். இடையிடையே கோபத்தையும் எழுதிவைத்தார். பிற்பாடு அவர் எழுதிய அந்தக் கட்டு காணாமல் போயிற்று.

2006-ல் ஹாம்ப்ஷயரில் ஒரு வீட்டு அலமாரியிலிருந்து அது வெளிவந்தது. ஐந்நூறு பக்கங்களுக்கு மேல். ஏலம் தொடங்கும் தறுவாயில் பேசி முடித்து, ஏறக்குறைய பத்து லட்சம் பவுண்டுக்கு ராயல் சொசைட்டி அதை வாங்கியது. பிறகு, தன் பழைய செயலாளர்மீது ஹூக் கொட்டிய கோபம் உட்பட, பக்கம் பக்கமாக எல்லோரும் படிக்கும்படி இணையத்தில் வைத்தது. ஸ்ப்ராட்டை வரலாறு எழுதவைத்த சங்கம் இதைச் செய்ய 300 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

சங்கத்தின் ஆவணக் காப்பகத்தில் 1902-ஆம் ஆண்டு உறுப்பினர் முன்மொழிவு ஒன்று இருக்கிறது. பெயர் ஹெர்த்தா அயர்ட்டன். மணமான பெண்ணை உறுப்பினராக்கச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லி நிராகரித்த சங்கம், நான்கே ஆண்டுகளில் அவருக்குப் பதக்கம் கொடுத்தது. அந்த விசித்திரம் அடுத்த வாரம்.

(தொடரும்)