கிளச்சு விலகாத டிராக்டர்

சங்கத்து டிராக்டர் மழைக் காலத்தில் பல வாரங்கள் கொட்டகையிலே சும்மா நின்றுவிட்டு உழவுக்கு எடுக்கப்படும்பொழுது, கிளச்சு மிதியை அடிவரை அழுத்தியும் கியர் விழாமல் கரகரவென்று உராய்வதுண்டு. கியர்ப் பெட்டியே கெட்டதென்று கருதி உடனே அதைப் பிரிக்கச் செய்தால் அங்கத்தினர்களின் பணம் வீணாகும்.

எஞ்சினின் சுழற்சக்கரத்தோடு உராய்வுத் தட்டொன்றை வில்கள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. மிதியை அழுத்துங்கால் அத்தட்டு முற்றும் விடுபட வேண்டும். சிறிது பற்று எஞ்சினும் கியர்ப் பெட்டியின் தண்டு சுழன்றுகொண்டேயிருக்கும். எஞ்சின் நின்றிருக்கையில் எளிதில் விழும் கியர், ஓடுகையில் மட்டும் உராயுமாயின் குறை பெரும்பாலும் கிளச்சினதே.

முதலில் மிதியைக் கையால் அமுக்கி, கனமின்றி அது எவ்வளவு தாழ்கிறதென்று அளத்தல் வேண்டும். பல டிராக்டர்களில் இது சுமார் 1 அங்குலம். சரியான அளவு கம்பெனியார் தந்த புத்தகத்தில் இருக்கும். மிகுந்திருந்தால் இணைப்புக் கம்பியைத் திருகிக் குறைக்கலாம். அடியோடு போக்கிவிடலாகாது; போக்கினால் தட்டு வழுக்கிக் கருகும். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் கிளச்சாயின், மிதியை இரண்டு மூன்று தடவை அழுத்தியபின் கியர் விழுவது குழாயில் காற்றுப் புகுந்ததற்கு அடையாளம். கசிவையும் தேடுதல் நன்று.

இவையெல்லாம் சரியாயிருப்பின், ஈரத்தால் துருவேறித் தட்டு சக்கரத்தோடு ஒட்டியிருக்கலாம். திறந்த வெளியில், முன்னும் பின்னும் ஆளில்லாமல், நியூட்ரலில் எஞ்சினைச் சூடேற்றி நிறுத்துக. பின்பு உயர்ந்த கியரிலிட்டு, கிளச்சையும் பிரேக்கையும் அழுத்தியவாறே தேர்ந்த டிரைவர் ஸ்டார்ட் செய்ய, அவ்வதிர்ச்சியில் தட்டு விடுபடுவதுண்டு. வண்டி குதித்துப் பாயக்கூடுமாதலால், ஆசனத்தில் அமர்ந்தவரன்றி வேறெவரும் இதைச் செய்யலாகாது. தரையில் நின்றுகொண்டு ஸ்டார்ட்டரின் முனைகளை இரும்பால் இணைத்துக் கிளப்புவது உயிருக்கே அபாயம். அவ்வாறு நசுங்கி மாண்டோர் உண்டு.

நெடுநாள் நிறுத்தும்பொழுது மிதியை அழுத்திய நிலையிலேயே கொக்கியாலோ மரக்கட்டையாலோ தடுத்து வைத்தால் தட்டு ஒட்டாது. சில வண்டிகளில் இதற்கென்றே கொக்கி அமைந்துள்ளது. அதைக் கவனிப்பாரில்லை.

அப்படியும் விடுபடாவிடில் மெக்கானிக்கே பிரிக்க வேண்டும். பழைய தட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாமாதலால் உள்ளிருக்கும் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாமல், ஈரத் துணியால் துடைத்தெடுக்கச் சொல்லுதல் வேண்டும்.