பூரான் கடியா, பாம்புக் கடியா?

சத்தியமங்கலத்து மல்லிகைத் தோட்டங்களில் விடியலுக்கு முன்பே பூப்பறிப்பு தொடங்கிவிடுகிறது. இருளில் செடியடியில் கால் வைப்போருக்கும், தரையில் பாய் விரித்து உறங்குவோருக்கும் பூரான் கடி புதிதன்று.

பூரானுக்கு நூறு கால்கள் இல்லை. பெரிய வகைகளுக்கு 21 அல்லது 23 இணைக் கால்களே உண்டு. அது நஞ்சைச் செலுத்துவதும் வாயினால் அன்று. தலைக்குக் கீழே கொடுக்குப் போல் வளைந்த முன்னங்கால்களால்தான். அதன் உடல் எளிதில் ஈரத்தை இழப்பதால் பகலில் கல்லடியிலும் ஈரச் சாக்கிலும் ஒளிந்திருந்து, இரவில் கரப்பான் முதலியவற்றை வேட்டையாடும். தாய்ப் பூரான் தன் முட்டைகளை உடலால் வளைத்துக் காக்கிறது.

தென்னமெரிக்காவில் ஏறத்தாழ 30 செ.மீ. வளரும் வகையும் உண்டு. அத்தகையவற்றை ஈர மண் இட்ட மூடிய பெட்டிகளில் வளர்ப்போர், நீண்ட இடுக்கியின்றிக் கையாளுவதில்லை. நம் பிள்ளைகள் பூரானைப் புட்டியில் அடைத்து விளையாட விடாதீர்கள்.

பூரான் கடித்தவுடன் கடும் வலியும் வீக்கமும் தோன்றும். உயிரிழப்பு மிக அரிது. கடித்த இடத்தைச் சோப்பிட்டுக் கழுவி, பொறுக்கக்கூடிய வெந்நீரில் சிறிது நேரம் வைத்தால் வலி தணியும். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்கள் வெந்நீரைத் தவிர்க்க வேண்டும். சுண்ணாம்போ மண்ணெண்ணெயோ தடவ வேண்டாம். தடுப்பூசி குறித்து மருத்துவரைக் கேளுங்கள். உடலெங்கும் தடிப்பு, மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியன தோன்றினால் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

இனிக் கூறுவதே முதன்மையானது. பூரானும் இரு புள்ளித் தடங்களை விடும், பாம்பும் விடும். இரவில் உறங்குவோரைக் கடிக்கும் கட்டுவிரியனின் கடியிலோ பெரும்பாலும் வலி இராது, தடமும் தெரியாமற்போகலாம். வலி இல்லாமையே அங்கு ஆபத்து. கடித்ததை நீங்கள் கண்ணால் காணவில்லையெனில், "பூரானாகத்தான் இருக்கும்" என்று விடியும்வரை காத்திராதீர்கள். வயிற்றுவலி, இமை தாழ்தல், விழுங்க இயலாமை ஆகியன தோன்றும்வரையும் காத்திராதீர்கள். கடிபட்ட உறுப்பை அசைக்காமல், கட்டுப் போடாமல், கீறாமல், 108 ஊர்தியை அழையுங்கள்.

வந்து, பூரான் கடிதான் என்று உறுதியானால் நிம்மதியுடன் வீடு திரும்பலாம். அதை வீண் அலைச்சல் என்று எந்த மருத்துவரும் கருதமாட்டார்.