இரண்டு மனை சேர்ந்தால்

சென்னையில் மேற்கு மாம்பலத்திலோ பெரம்பூரிலோ பழைய தனிவீடு ஒன்று இடிபட்டால், அங்கே எழுவது பெரும்பாலும் தரையில் கார் பார்க்கிங்கும் மேலே நான்கைந்து மாடிகளும் கொண்ட கட்டடம்தான். தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகள் 18.30 மீட்டர் வரை உயரமுள்ளதை உயர்மாடிக் கட்டடமாகக் கருதுவதில்லை. அதைத் தாண்டினால் அகலமான சாலையும் சுற்றிலும் பெரிய காலியிடமும் வேண்டும். பழைய தெருக்களில் அதற்கு வழியில்லை. நகருக்குள்ளேயே இன்னும் பல குடும்பங்கள் குடியேற வேண்டுமானால் இந்த உயரம்தான் கைகொடுக்கும். கோளாறு உயரத்தில் இல்லை, ஒற்றை மனையில் அதைத் திணிப்பதில்தான் இருக்கிறது.

கணக்கு எளிது. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. நாற்பதடி அகலம், அறுபதடி நீளம் என்று வைத்துக்கொள்வோம். எஃப்எஸ்ஐ, அதாவது மனைப்பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, 2 என்றால் 4,800 சதுர அடி கட்டலாம், ஐந்தாறு ஃபிளாட் வரும். அந்த ஐந்தாறு வீட்டுக்காக ஒரு லிஃப்ட், ஒரு மாடிப்படி, ஒரு சம்ப், கார் நுழைய ஒரு வழி. இருபுறமும் விடும் சந்தில் பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னலும் நம் படுக்கையறை ஜன்னலும் முகத்தோடு முகம் பார்க்கின்றன. அடுத்தடுத்த இரண்டு மனைகள் சேர்ந்தால் அதே ஒரு லிஃப்டும் படியும் பன்னிரண்டு வீடுகளுக்குப் போதும். நடுவில் வீணாகும் இரண்டு சந்துகள் ஒரே முற்றமாகி, உள்ளறைகளுக்கும் வெளிச்சமும் காற்றும் வரும். மழைநீர்க் கிணற்றுக்கும் ஒரு வேப்பமரத்துக்கும் மண் மிஞ்சும்.

தண்ணீருக்கும் சாக்கடைக்கும் என்ன வழி என்பது நியாயமான கேள்வி. பழைய குழாய்களைப் பெரிதாக்காமல் வீடுகளை மட்டும் கூட்டினால் தெரு நாறும். அந்தச் செலவை அரசு ஏற்றே ஆகவேண்டும். ஆனால் இதே குடும்பங்களைப் புறநகருக்கு அனுப்பினால் அங்கே குழாயையும் சாலையையும் புதிதாகவே போட வேண்டியிருக்கும், வேலைக்குப் போய்வரும் தூரமும் கூடும். விலை குறையுமா என்றால், இதனால் மட்டும் குறையாது. மாம்பலத்து மண்ணின் விலை அப்படி. ஐந்நூறு, அறுநூறு சதுர அடியில் சிறிய வீடுகளும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று விதித்தால்தான் நடுத்தரக் குடும்பம் உள்ளே வரமுடியும்.

பழைய அடுக்குமாடிகளுக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது: 2024-இல் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடி உரிமைச் சட்டத்தின்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் இசைந்தால் இடித்துக் கட்டலாம். பக்கத்துப் பக்கத்துத் தனிவீட்டுக்காரர்களைச் சேர்த்துவைக்கவும் ஒரு தூண்டுதல் வேண்டும். மனைகளை இணைத்து முற்றம் விடுபவர்களுக்குச் சற்றே கூடுதல் எஃப்எஸ்ஐ கொடுத்தால், பில்டர்களே இரண்டு வீட்டுக் கதவையும் தட்டுவார்கள்.