செல்போன் செத்தாலும் பேசும் ‘ஹாம்’ ரேடியோ: லைசென்ஸ் தேர்வு ஆன்லைனுக்குப் போனால் யாருக்கு லாபம்?

காட்டுப்பள்ளி:

புயல் அடித்தால் முதலில் போவது கரண்ட். அடுத்தது செல்போன் டவர். எண்ணூர், காட்டுப்பள்ளி, பழவேற்காடு பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியது இல்லை. 2016 டிசம்பர் 12-ந்தேதி வர்தா புயல் கரையைக் கடந்தபோது சென்னையில் பல இடங்களில் போன் கையில் இருந்தும் பேச முடியவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் இதே நிலைமைதான். அப்போது வெள்ளத்தோடு சேர்ந்து எண்ணூர் கழிமுகத்துக்கு எண்ணெயும் வந்து சேர்ந்தது குறிப்பிடத்தக்கது.

இப்படி எல்லாம் செத்துக் கிடக்கும் நேரத்திலும் பேசக்கூடிய ஒரு கருவி இருக்கிறது. அதுதான் ‘ஹாம்’ எனப்படும் அமெச்சூர் ரேடியோ. ஒரு கார் பேட்டரி, ஒரு ரேடியோ செட், மாடியில் இழுத்துக் கட்டிய ஒரு நீளமான ஒயர். இவ்வளவு போதும். டவர் வேண்டாம், சிம் கார்டு வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம். ஆனால் லைசென்ஸ் வேண்டும். அதற்கு ஒரு தேர்வு எழுதி பாஸ் பண்ண வேண்டும்.

அந்தத் தேர்வும் அது சம்பந்தப்பட்ட வேலைகளும் உலகம் பூராவும் ஆன்லைன் பக்கம் நகர்ந்து வருகின்றன. இதனால் நம்ம ஊர் பிள்ளைகளுக்கு என்ன லாபம், என்ன நஷ்டம்?

ஹாம் என்றால் என்ன?

பொழுதுபோக்குக்காகவும், கற்றுக்கொள்வதற்காகவும், ஆபத்துக் காலத்தில் உதவுவதற்காகவும் தனி ஆள் வைத்துக்கொள்ளும் ரேடியோ நிலையம்தான் ஹாம். எப்.எம். மாதிரி கேட்பது மட்டும் அல்ல, திருப்பிப் பேசவும் முடியும். ஒவ்வொருவருக்கும் அரசு ஒரு அழைப்புக் குறியீடு கொடுக்கும். இந்தியாவில் அது பெரும்பாலும் ‘வி.யு.2’ அல்லது ‘வி.யு.3’ என்று தொடங்கும். மறைந்த பிரதமர் ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம்தான். அவருடைய குறியீடு வி.யு.2 ஆர்.ஜி.

குறைந்த அலைவரிசையில் அனுப்பும் சிக்னல் வானத்தின் மேல் அடுக்கில் பட்டுத் திரும்பி, ஆயிரக்கணக்கான கிலோ மீட்டர் தள்ளிப் போய் இறங்கும். அதனால்தான் நடுவில் ஒரு டவர்கூட இல்லாமல் அந்தமானில் இருந்து சென்னைக்குப் பேச முடிகிறது.

2004 டிசம்பர் 26-ந்தேதி சுனாமி வந்தபோது இது நடந்தே காட்டியது. ஐதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் குழு, பாரதி பிரசாத் என்ற பெண் ஹாம் தலைமையில் அப்போது போர்ட் பிளேரில் இருந்தது. உலக ஹாம்களோடு பேசுவதற்காக அனுமதி வாங்கிப் போனவர்கள் அவர்கள். தீவுகளில் தொலைபேசி துண்டிக்கப்பட்டதும் அதே செட்டில் இருந்து உயிரோடு இருப்பவர்கள் பற்றிய தகவல்களை அனுப்பத் தொடங்கினார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் ஹாம்கள் கைகொடுத்தார்கள்.

நம்ம மண்ணுக்குப் புதுசு இல்லை

ரேடியோ பொழுதுபோக்கு சென்னைக்குப் பழசு. 1924 மே மாதம் சி.வி.கிருஷ்ணசாமி செட்டி முயற்சியில் ‘மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்’ தொடங்கப்பட்டது. அதே வருஷம் ஜூலை 31-ந்தேதி ஒலிபரப்பும் தொடங்கியது. ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயரே அப்போது கிடையாது. பணக் கஷ்டத்தால் 1927-ல் கிளப் மூடப்பட்டது.

காட்டுப்பள்ளிக்கு வடக்கே, பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து 2005 மே 5-ந்தேதி ‘ஹாம்சாட்’ என்ற செயற்கைக்கோள் ஏவப்பட்டது. ஹாம்கள் பேசிக்கொள்வதற்கு என்றே இந்தியா அனுப்பிய செயற்கைக்கோள் அது. 2014 ஜூலை வரை வேலை செய்தது. நம் கடற்கரையில் நின்று பார்த்தால் தெரியும் தூரத்தில் இருந்துதான் அது கிளம்பியது.

தேர்வில் என்ன கேட்பார்கள்?

இந்தியாவில் இந்தத் தேர்வை நடத்துவது மத்திய தொலைத்தொடர்புத் துறையின் கீழ் உள்ள வயர்லெஸ் பிரிவு. 12 வயது முடிந்தவர்கள் எழுதலாம். டிகிரி தேவையில்லை. இரண்டு வகை சான்றிதழ் இருக்கிறது.

ஒன்று ‘ரெஸ்ட்ரிக்டட்’ கிரேடு. எழுத்துத் தேர்வு மட்டும். ரேடியோ எப்படி வேலை செய்கிறது என்பது ஒரு பகுதி, சட்ட திட்டங்கள் இன்னொரு பகுதி. ஒவ்வொரு பகுதியிலும் 40 சதவீதம், மொத்தத்தில் 50 சதவீதம் எடுத்தால் பாஸ்.

இன்னொன்று ‘ஜெனரல்’ கிரேடு. இதில் கூடுதல் பவர், கூடுதல் அலைவரிசை கிடைக்கும். ஆனால் எழுத்துத் தேர்வோடு மோர்ஸ் தேர்வும் உண்டு. பழைய தந்தி ஆபீஸில் கேட்ட ‘கட் கட கட்’ சத்தம்தான் மோர்ஸ். நிமிஷத்துக்கு 8 வார்த்தை வேகத்தில் காதால் கேட்டு எழுதவும் வேண்டும், கையால் அடித்து அனுப்பவும் வேண்டும்.

அன்று அலைச்சல், இன்று கிளிக்

முன்பெல்லாம் இதற்கு விண்ணப்பம் வாங்கி, கையால் நிரப்பி, டிமாண்ட் டிராப்ட் எடுத்து, தபாலில் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். தேர்வு முடிந்து பாஸ் ஆனாலும், போலீஸ் விசாரணை முடிந்து டெல்லியில் இருந்து லைசென்ஸ் வர மாதக்கணக்கில் ஆகும். சிலருக்கு வருஷமே ஓடிவிடும்.

சென்னையில் தேர்வு நடத்திய வயர்லெஸ் கண்காணிப்பு நிலையம் இருப்பது பெருங்குடியில். காட்டுப்பள்ளியோ ஊரின் வடகோடி. காலையில் கிளம்பி, எண்ணூர், திருவொற்றியூர் தாண்டி, பாரிமுனையில் மாறி, அங்கிருந்து பெருங்குடி போய்ச் சேர வேண்டும். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் பஸ் ஊர்ந்துபோகும் நேரத்தை நினைத்தாலே தலை சுற்றும். பிள்ளை தனியாகப் போகாது, அப்பாவோ அம்மாவோ கூடப் போகணும். தினக்கூலி வாங்கும் வீட்டில் அது ஒரு நாள் சம்பளம்.

இப்போது விண்ணப்பம், கட்டணம், லைசென்ஸ் கேட்பது எல்லாம் தொலைத்தொடர்புத் துறையின் ‘சரள் சஞ்சார்’ இணையதளம் வழியாக வந்துவிட்டது. டி.டி. எடுக்க பேங்க் வாசலில் நிற்க வேண்டாம். விண்ணப்பம் எந்த மேஜையில் கிடக்கிறது என்று தெரியாமல் முழிக்க வேண்டாம்.

அமெரிக்கா, இங்கிலாந்தில் நடந்தது

வெளிநாட்டில் இதற்கும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தபோது தேர்வுக் கூடங்கள் மூடப்பட்டன. உடனே அமெரிக்காவில் வீட்டில் இருந்தே வீடியோ கண்காணிப்பில் எழுதும் முறை வேகமாகப் பரவியது. அதற்கு முன்அனுமதி தேவையில்லை என்று அந்நாட்டு தகவல் தொடர்பு ஆணையமும் தெளிவுபடுத்தியது. கேமராவை அறை முழுக்கச் சுற்றிக் காட்ட வேண்டும். மேஜையில் பேப்பர், புத்தகம் இருக்கக் கூடாது. மூன்று தேர்வாளர்கள் திரையில் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். இந்த முறை ஊரடங்கு முடிந்த பிறகும் தொடர்கிறது.

இங்கிலாந்தும் 2020 ஏப்ரலில் இதையே செய்தது. ஆனால் அங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். வீட்டில் இருந்தபடி செய்முறைத் தேர்வு வைக்க முடியாது. அதனால் தொடக்க நிலை லைசென்சுக்கு இருந்த செய்முறைப் பகுதியை ஒதுக்கி வைத்துவிட்டார்கள். செட்டை கையில் எடுத்து இணைக்காமலே ஒருவர் லைசென்ஸ் வாங்கும் நிலை வந்தது.

லாபமும் நஷ்டமும்

ஆன்லைன் முறையின் விஷயமே இதில்தான் இருக்கிறது. தூரம் குறைகிறது, செலவு குறைகிறது. ஷிப்ட் வேலைக்காரர், மாற்றுத்திறனாளி, சின்னப் பிள்ளை எல்லோருக்கும் கதவு திறக்கிறது. இது பெரிய லாபம்.

ஆனால் புயல் ராத்திரியில் சான்றிதழ் பேசாது. ஆள்தான் பேசணும். ஆன்டெனா அறுந்தால் இருட்டில் முறுக்கிக் கட்டத் தெரியணும். பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கணக்குப் போடத் தெரியணும். இரைச்சலுக்கு நடுவில் பெயரையும் இடத்தையும் தப்பில்லாமல் கேட்டு எழுதணும். இதெல்லாம் சரியான விடையை டிக் அடித்து வருவது இல்லை. பக்கத்தில் ஒரு சீனியர் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்து வருவது. முன்பு தேர்வு எழுதப் போன இடத்திலேயே நாலு பேரைப் பார்த்து, பேசி, பழகி கிளப்பில் சேர வழி இருந்தது. தனியாக ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு அந்தப் பழக்கம் கிடைக்காது. அவரே தேடிப் போகணும்.

இன்னொரு சிக்கல், கம்ப்யூட்டர். போனில் நெட் இருக்கும் வீடு எல்லாவற்றிலும் லேப்டாப்பும் கேமராவும் இருப்பது இல்லை. சத்தம் இல்லாத தனி அறை ஒண்டுக் குடித்தனத்தில் எங்கே இருக்கும்? படிக்கும் புத்தகங்களும் பெரும்பாலும் இங்கிலீஷில்தான். அரசுப் பள்ளி கம்ப்யூட்டர் அறையையோ நூலகத்தையோ இதற்குத் திறந்துவிட்டால்தான் ஆன்லைன் என்பது எல்லோருக்கும் ஆன்லைன்.

மோர்ஸ் விஷயமும் யோசிக்க வேண்டியது. அமெரிக்காவில் 2007-லேயே மோர்ஸ் தேர்வை எடுத்துவிட்டார்கள். நம் நாட்டில் ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் இல்லாததால், புதுசாக வருகிறவர்கள் அதில் தொடங்குவது சுலபம்.

உஷார்! வாக்கி டாக்கி வாங்கும் முன்

லைசென்ஸ் இல்லாமல் ஹாம் செட்டில் பேசுவது சட்டப்படி குற்றம். ஷாப்பிங் இணையதளங்களில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டாம். விதிமீறி வாக்கி டாக்கி விற்றதாக 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பல ஆன்லைன் நிறுவனங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது.

மீனவர்கள் படகில் வைத்திருக்கும் வி.எச்.எப். செட் வேறு, ஹாம் வேறு. கடலில் ஆபத்து அழைப்புக்கு உரியது 16-வது சேனல், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ். ஹாம்கள் கையில் வைத்துப் பேசும் செட்டுக்கு உரியது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ். ஒன்றுக்கு வாங்கிய அனுமதி இன்னொன்றுக்கு செல்லாது. ஹாம் ரேடியோவில் மீன் விலை பேசுவது, வியாபாரம் பேசுவது எதற்கும் அனுமதி இல்லை.

என்ன செய்யலாம்?

ஆர்வம் உள்ள பிள்ளைகள் முதலில் சென்னையில் உள்ள ஹாம் கிளப் ஒன்றைத் தேடி அறிமுகம் செய்துகொள்வது நல்லது. அடுத்து சரள் சஞ்சார் தளத்தில் தேர்வு அறிவிப்பு, கட்டணம், எழுத வேண்டிய இடம் ஆகியவற்றைப் பார்த்து விண்ணப்பிக்கலாம். புரோக்கர் யாருக்கும் பணம் கொடுக்கத் தேவையில்லை.

ஒரு பக்கம் துறைமுகம், ஒரு பக்கம் அனல் மின் நிலையம், எதிரே கடல் என்று வாழ்கிறது இந்தப் பகுதி. அடுத்த புயலுக்கு முன் குப்பத்துக்கு ஒருவராவது லைசென்சோடும், செட்டை இயக்கத் தெரிந்த கையோடும் தயாராக இருந்தால் பல உயிர்களுக்கு அது உதவும். ஆன்லைன் வசதியால் லைசென்ஸ் வாங்கும் பாதி வழி சுலபமாகி இருக்கிறது. மீதிப் பாதியை உட்கார்ந்து பழகித்தான் கடக்க வேண்டும்.