புரியும்படி செய்வதும் ஆராய்ச்சிதான்

வெளிநாட்டுக்கு எம்.எஸ்., பி.எச்டி. படிக்க வரும் நம் பிள்ளைகள் பலரிடம் ஒரு நினைப்பு உண்டு. ஆய்வுக் கட்டுரை என்றால் பக்கத்துக்குப் பத்து சூத்திரம் இருக்கணும், படிக்கிறவருக்குத் தலை சுத்தணும். இல்லாவிட்டால் 'இதுல என்னப்பா புதுசு?' என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லும் ஒரு கதை கணினி அறிவியலிலேயே இருக்கிறது.

உங்கள் பேங்க் கணக்கு ஐந்து சர்வர்களில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று ஒன்று படுத்துவிடுகிறது. இன்னொன்றுக்கு நெட்வொர்க் போய்விடுகிறது. மிச்சமுள்ள மூன்றும் ஒரே கணக்கைச் சொல்ல வேண்டும். ஆளுக்கொன்று சொன்னால் காசு காணாமல் போகும்.

இதற்கு லெஸ்லி லாம்போர்ட் கண்ட வழிதான் 'பாக்ஸோஸ்'. கிரேக்கத் தீவு ஒன்றின் நாடாளுமன்றக் கதையாக எழுதி 1990-ல் அனுப்பினார். அச்சில் வந்தது 1998-ல். 2001-ல் அவரே எளிமையாக்கி இன்னொரு கட்டுரை எழுதினார். அப்போதும் பலருக்குப் பிடிபடவில்லை. கணிதம் என்னவோ சரிதான். ஆனால் அதை வைத்து புரோகிராம் எழுத உட்கார்ந்தவர்கள் ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள்.

ஸ்டான்ஃபோர்டில் ஆய்வு மாணவர் டியேகோ ஒங்காரோவும் பேராசிரியர் ஜான் ஆஸ்டர்ஹவுட்டும் 'படிக்கிறவருக்குப் புரியுமா?' என்ற கேள்வியை முதலில் வைத்தார்கள். 2014-ல் வந்தது 'ராஃப்ட்'. ஒரு சர்வர் தலைவர். மற்றவை அது சொல்வதை எழுதிக்கொள்ளும். தலைவரிடமிருந்து சத்தமே இல்லையென்றால் தேர்தல். பெரும்பான்மை ஓட்டு வாங்கியது அடுத்த தலைவர்.

இரண்டு சர்வர் ஒரே நேரத்தில் போட்டியிட்டு ஓட்டு பிரிந்தால்? முதலில் சர்வர்களுக்குத் தரவரிசை கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு ஓட்டையை அடைத்தால் இன்னொரு ஓட்டை. கடைசியில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் காத்திருக்கணும் என்பதைக் குலுக்கல் மாதிரி விட்டுவிட்டார்கள். முதலில் விழித்தது ஓட்டுக் கேட்கும். அவ்வளவுதான்!

புரிகிறதா என்று சோதித்தும் பார்த்தார்கள். இரண்டையும் படித்த 43 மாணவர்களுக்குத் தேர்வு வைத்ததில், 33 பேர் ராஃப்டில்தான் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள். இன்று குபர்னெட்டிஸ் தன் தகவல்களைச் சேமிக்கும் 'எட்சிடி' ஓடுவது ராஃப்டை நம்பித்தான்.

யோசித்துப் பாருங்கள். சிஸ்டம் விழுந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சரிசெய்கிறவர் அதைக் கண்டுபிடித்த மேதை இல்லை. ஆன்-காலில் இருக்கும் நம்மைப் போன்ற ஒருத்தர்தான். தூக்கக் கலக்கத்திலும் அவருக்குப் புரிந்தால்தான் சிஸ்டம் எழும்.

தீசிஸ் எழுதும் தம்பி, தங்கைகளே, முடித்ததும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்: இதில் எதை எடுத்துவிட்டாலும் வேலை நடக்கும்? அதை எடுத்துவிடுங்கள். 'இவ்வளவுதானா?' என்று கைடு கேட்டால் கூனிக்குறுக வேண்டாம். ராஃப்டைக் காட்டுங்கள்.