அலறல் வந்து சேரும் நேரம்

'லெஃப்ட் ஹேண்ட்' பாட்டைப் போட்டால் மூச்சுவிட இடம் இருக்காது. டோக்கியோவின் 'என்வி' இசைக்குழு 2001-இல் கொண்டுவந்த ஆல்பத்தில் உள்ள பாட்டு அது. கிடார்கள் முட்டி மோதும், டிரம்ஸ் விரட்டும், எல்லாவற்றுக்கும் மேலே டெட்சுயா ஃபுகாகவா தொண்டை கிழியக் கத்துவார். ஜப்பானிய மொழியில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் நெஞ்சு அடைத்துக்கொள்ளும்.

இந்த வகைக்கு ஸ்கிரீமோ என்று பெயர். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சான் டியேகோ பக்கம், ஹார்ட்கோர் பங்க்கிலிருந்து கிளைத்தது. பாட்டு சின்னதாக இருக்கும். உள்ளே அடக்கிவைத்தது அத்தனையும் அதற்குள் வெளியே வந்தாக வேண்டும். டோக்கியோவில் என்வி வளர்ந்ததும் இந்த இசையில்தான்.

2003-இல் 'எ டெட் சிங்கிங் ஸ்டோரி' வந்தபோது பாட்டுகள் நீள ஆரம்பித்திருந்தன. ஸ்காட்லாந்தின் மொக்வாய் குழுவினர் தங்கள் ராக் ஆக்‌ஷன் நிறுவனத்தின் வழியாக அதை ஐரோப்பாவில் வெளியிட்டார்கள். மொக்வாய் வாசிப்பது போஸ்ட் ராக்: பாட்டு வரிகளை அதிகம் நம்பாமல், மெல்லத் தொடங்கி மலைபோல் எழும் இசை. கோபத்தைக் கொட்டுகிற குழுவுக்கும் பொறுமையே உயிரான இந்த இசைக்கும் என்ன உறவு என்று தோன்றலாம். 2006-இல் வந்த 'இன்சோம்னியாக் டோஸ்' அதற்குப் பதில் சொன்னது. மொத்தம் 7 பாட்டுகள்தான். ஓடுவதோ ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக.

அதில் 'தி அன்நோன் க்ளோ' சுமார் 15 நிமிடப் பாட்டு. இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்க வேண்டும். விளம்ப காலத்தில் கிடார் தனியே நடக்கிறது. ஃபுகாகவா பாடவில்லை, கத்தவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்வதுபோலத் தாழ்ந்த குரலில் பேசுகிறார். நாம் காத்திருக்கப் பழகிவிடுகிறோம். பிறகு அந்த அலறல் எழும்போது, அவ்வளவு நேரம் அவர் எதைத் தாங்கிக்கொண்டிருந்தார் என்பது உடம்புக்குத் தெரிகிறது. வேகம் போய்விட்டதே என்று வருந்துபவர்களோடு என்னால் ஒத்துப்போக முடிவதில்லை. குறைந்தது அலறலின் நேரம்தான், கனம் கூடியிருக்கிறது.

2010-இன் 'ரெசிட்டேஷன்' ஒரு பெண் குரலின் வாசிப்போடு தொடங்குகிறது. 2016-இல் ஃபுகாகவா விலகினார். குரலே போனபின் என்ன மிஞ்சும் என்று கலங்கியிருந்தபோது, 2018-இல் திரும்பி வந்தார். 2020-இல் வந்த 'தி ஃபாலன் கிரிம்சன்' ஆல்பத்தில் 'ரிதம்' என்ற பாட்டையே ஒரு பெண் குரலிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அத்தனை மிருதுவான குரல். அதே ஆல்பத்தில் பழைய அலறலும் குறையாமல் இருக்கிறது.

இதையெல்லாம் கேட்டபின் 2001 ஆல்பத்துக்குத் திரும்பினேன். அதிலும் இரைச்சல் சட்டென்று விலகி, கிடார் தனியாக நிற்கும் இடங்கள் உண்டு. அப்போதெல்லாம் அடுத்த அலறலுக்கான இடைவேளை என்றே அவற்றைக் கடந்து போயிருந்தேன்.