முதல் நாள் கஞ்சி

ஸ்ரீரங்கத்தில் ஒருவர் பட்டினி கிடக்க முடியுமா என்றுதான் வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ரங்கநாதர் கோயிலில் 2012 முதல் நாள் முழுக்க அன்னதானம் நடக்கிறது. அமாவாசை என்றால் அம்மா மண்டபம் படித்துறையில் தர்ப்பணம் முடித்து ஏறுகிறவர்கள் கையோடு சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுவந்திருப்பார்கள். காவிரிப் பாலத்தைத் தாண்டி திருச்சிப் பக்கம் வந்தால் அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி. இத்தனைக்கும் நடுவில் மதிலோரத்திலும் சத்திரம் பேருந்து நிலையத்தின் பக்கத்திலும் எலும்பும் தோலுமாகச் சிலர் கிடக்கிறார்கள். ஊரில் சோற்றுக்குக் குறைவில்லை. வரிசையில் போய் நிற்க அவர்களால் முடியவில்லை. ஒருவருக்குக் காலில் ஆறாத புண். இன்னொருவர் காதில் ஒரு குரல், அந்தச் சோற்றில் விஷம் இருக்கிறது என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. வேறொருவர் பல நாளாகக் குடியைத் தவிர எதையும் உள்ளே இறக்காதவர்.

இவர்களைத் தேடிப் போகிற சிறு குழுக்கள் எல்லா ஊரிலும்போல திருச்சியிலும் உண்டு. நாலைந்து கல்லூரிப் பிள்ளைகள், பணி ஓய்வு பெற்ற ஒரு செவிலியர், ஆட்டோவோடு வந்துவிடும் ஒருவர், முடி வெட்டத் தெரிந்த ஒருவர். அதற்கு மேல் ஆளும் இருக்காது, பணமும் இருக்காது. அப்படி ஒரு குழுவோடு ஓர் இரவு போயிருந்தேன். நடக்கவே தெம்பில்லாத ஒரு பெரியவரை உட்காரவைத்து, செவிலியம்மா எவர்சில்வர் டம்ளரில் அரை டம்ளர் புழுங்கலரிசிக் கஞ்சியை மோர் விட்டுக் கரைத்துக் கொடுத்தார். “மெல்லக் குடிங்க சாமி” என்றார். பிரியாணிப் பொட்டலத்தோடு பைக்கில் வந்து நின்ற ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. “சாகக் கிடக்குறாரு, அரை டம்ளர் கஞ்சியா ஊத்துவீங்க?”

“இன்னிக்கு இது போதும் தம்பி. நாளைக்குக் கொஞ்சம் கூட்டுவோம். அடுத்த வாரம் உங்க பிரியாணியக் கொண்டாங்க, அவரே கேட்டு வாங்கிச் சாப்பிடுவாரு.”

அந்த அம்மா சொன்னதற்குப் பின்னால் மருத்துவம் பல உயிர்களைப் பறிகொடுத்துக் கற்ற பாடம் இருக்கிறது.

சாப்பாடு நின்ற ஒரு நாளிலேயே ஈரலில் சேர்த்துவைத்த சர்க்கரை ஏறக்குறையத் தீர்ந்துபோகும். பிறகு உடல் தன் தசையையே கரைத்து மூளைக்குச் சர்க்கரை தயாரிக்கும். அப்படியே போனால் மூச்சு இழுக்கக்கூடத் தசை மிஞ்சாது. ஆகவே சில நாட்களில் உடல் வழியை மாற்றிக்கொள்கிறது. கொழுப்பை உடைத்து, ஈரல் கீட்டோன்களைச் செய்து தருகிறது. சர்க்கரையே கதி என்றிருந்த மூளை, பட்டினி நீள நீள, தன் தேவையில் பாதிக்கு மேல் கீட்டோனைக் கொண்டே சமாளிக்கப் பழகுகிறது. இன்சுலின் சுரப்பு அடிமட்டத்துக்கு இறங்குகிறது. நாடி மெதுவாகிறது, உடல் சூடு குறைகிறது. செல்களுக்குள் இருக்க வேண்டிய பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் மூன்றும் மெல்ல மெல்ல வெளியேறிவிடுகின்றன. இந்த நேரத்தில் ரத்தப் பரிசோதனை செய்தால் மூன்றும் சரியான அளவில் இருப்பதாகக்கூட வரலாம். செல்லுக்குள் காலியாகிக்கொண்டிருந்தாலும் ரத்தத்தில் குறையாமல் உடல் காத்துவருவதால்தான் அப்படி.

இந்த உடலுக்குள் வயிறு முட்டச் சோறு போனால் என்ன ஆகும்? பல நாளாக அடங்கிக் கிடந்த இன்சுலின் ஒரே பாய்ச்சலாகச் சுரக்கும். சர்க்கரையைச் செல்லுக்குள் தள்ளும். சர்க்கரையை ஆற்றலாக்கச் செல்லுக்குப் பாஸ்பேட் வேண்டும், ஏனென்றால் ஆற்றலைச் சுமக்கும் ஏடிபி என்ற மூலக்கூறே பாஸ்பேட் கோத்து உண்டானது. உள்ளே இருப்பு இல்லாததால் ரத்தத்தில் இருந்த கொஞ்சத்தையும் செல்கள் இழுத்துக்கொள்ளும். பொட்டாசியமும் மக்னீசியமும் கூடவே போகும். ரத்தத்தில் அவற்றின் அளவு திடீரெனச் சரியும்போது இதயத் துடிப்பு தாறுமாறாகும், மூச்சுத் தசை சோரும். பட்டினியைத் தாங்கிய மனிதர் சாப்பிட்டதால் இறந்துபோகக்கூடும். மருத்துவத்தில் இதற்கு மறுஊட்ட நோய்க்குறி என்று பெயர். இரண்டாம் உலகப் போரின் முடிவில் சிறை முகாம்களிலிருந்து மீண்ட கைதிகளில் சிலருக்கு, விடுதலையாகி நன்றாகச் சாப்பிடத் தொடங்கிய பிறகு இதயம் செயலிழந்தபோதுதான் மருத்துவர்கள் இதை உற்றுக் கவனித்தார்கள்.

பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல், பத்து நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவும் சாப்பிடாதவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 10 கலோரிக்கு மிகாமல் தொடங்கி, நான்கு முதல் ஏழு நாளில் படிப்படியாகக் கூட்டச் சொல்கிறது. 40 கிலோ எடையுள்ளவருக்கு அது ஒரு நாள் முழுவதற்கும் 400 கலோரி. ஏழெட்டு இட்லிக்கு மேல் வராது, அதையும் வேளைக்குக் கொஞ்சமாகப் பிரித்துத் தர வேண்டும். சோற்றுக்கு முன்னால் தயமின் என்ற பி1 வைட்டமினும் உள்ளே போயிருக்க வேண்டும். சர்க்கரையை எரிக்க அது தேவை, உடலில் அதன் இருப்போ இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் வரும், குடிப்பவர்களுக்கு அதுகூட இருக்காது. தயமின் இல்லாத உடலில் சர்க்கரையை ஏற்றினால் மூளை பாதிக்கப்பட்டு நினைவே நிரந்தரமாகக் குலையலாம்.

கஞ்சிக்கு அந்த அம்மா புழுங்கலரிசி எடுத்தது எனக்கு இங்கேதான் பிடிபட்டது. நெல்லை அவிக்கும்போது உமிக்கு அடியில் தவிட்டில் இருக்கும் தயமினில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பச்சரிசியைத் தீட்டினால் அது தவிட்டோடு போய்விடும். மோரில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் இருக்கின்றன. மாத்திரைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் இது மாற்றாகாது. மருத்துவர் பார்க்கும்வரை இதைவிட நல்ல தொடக்கமும் கிடைக்காது.

1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் ஒரு சோதனை தொடங்கினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள், போரால் பட்டினியில் வாடுவோருக்கு எப்படி உணவளிப்பது என்று உலகம் அறிந்துகொள்ளட்டும் என்று தாங்களே முன்வந்து 24 வாரம் அரைப்பட்டினி கிடந்தார்கள். எடையில் கால் பங்கு போயிற்று. அதைவிட மனத்துக்கு நேர்ந்ததுதான் கீஸை வியக்கவைத்தது. தட்டை நக்கினார்கள். சமையல் குறிப்புகளைப் படித்துப் படித்துச் சேர்த்தார்கள். எரிந்து விழுந்தார்கள், பேச்சைக் குறைத்துத் தனியே ஒதுங்கினார்கள். சோதனைக்கு முன் உடலும் மனமும் திடமானவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இவர்கள். பொட்டலத்தில் பாதியை அழுக்கு மூட்டைக்குள் ஒளித்துவைக்கிற பாட்டியைப் பார்த்து “கிறுக்கு” என்று சொல்லிக் கடக்குமுன் இந்த 36 பேரை நினைத்துக்கொள்ளலாம். நாம் பைத்தியம் என்று எண்ணுவதில் ஒரு பங்கு பசியாக இருக்கக்கூடும்.

கஞ்சிக்கு அடுத்து முடி. சடை பிடித்துப் பாறைபோல் இறுகிய முடியை வெட்டும்போது கத்தரிக்கோல்காரர் மிகவும் நிதானமாகப் போவார். அடியில் புண் இருக்கலாம், அதில் புழு வைத்திருக்கலாம். நம் ஊர்களில் உயிருள்ள சதையையே தின்னும் ஓர் ஈ உண்டு, கிரைசோமியா பெசியானா என்று பெயர். புண்ணின் ஓரத்தில் ஒரே தடவையில் நூற்றுக்கும் மேல் முட்டையிடும். ஒரு நாளுக்குள் பொரித்து, புழுக்கள் தலைகீழாகச் சதைக்குள் துளைத்துப் போகும். அவை மூச்சு விடுவது வாலால். பின்முனையில் இருக்கும் மூச்சுத்துளைகளைப் புண்ணின் மேல்மட்டத்தில் நீட்டிக்கொண்டுதான் உள்ளே தின்கின்றன. டர்பன்டைன் எண்ணெயில் நனைத்த துணிச்சுருளை மருத்துவர் புண்ணின் வாயில் வைப்பது இதனால்தான். மூச்சு முட்டிப் புழுக்கள் மேலே வரும், கிடுக்கியால் ஒவ்வொன்றாக எடுப்பார்கள். ஒரே நாளில் முடியாது, ஆழத்தில் தங்கியது மறுநாள் வரும். இதே குடும்பத்து இன்னொரு ஈயின் புழு அழுகிய சதையை மட்டும் தின்னும். முதல் உலகப் போர்க்களத்தில் ஏழு நாள் கிடந்தும் காய்ச்சலே வராத இரண்டு வீரர்களின் புண்களில் அத்தகைய புழுக்களைப் பார்த்த வில்லியம் பேயர் என்ற அறுவை மருத்துவர், பின்னாளில் அவற்றையே சிகிச்சைக்குப் பயன்படுத்தினார். 2004இல் அமெரிக்க அரசு அதை முறையாக அனுமதித்தது.

அடுத்து உறக்கம். உச்ச நீதிமன்றத்தின் வலியுறுத்தலாலும் மத்திய அரசின் திட்டத்தாலும், நகரங்களில் லட்சம் பேருக்கு ஒன்று என்ற கணக்கில் வீடற்றோர் இரவுக் காப்பகம் இருக்க வேண்டும். ஒன்றில் 50 முதல் 100 பேர், ஆளுக்கு 50 சதுர அடி இடம். பாயும் மின்விசிறியும் உள்ள காப்பகத்துக்கு அழைத்துவந்தவர் முதல் இரவே எழுந்து தெருவுக்குப் போய்விடுவது சாதாரணம். “நன்றி கெட்டவர்” என்று அலுத்துக்கொள்வோரும் உண்டு.

அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்திலிருந்து 2016இல் வெளியான ஆய்வு, புதிய இடத்தில் தூங்கும் முதல் இரவில் நம் மூளையின் இரு பாதிகளும் ஒன்றுபோல் தூங்குவதில்லை என்று காட்டியது. ஆழ்ந்த உறக்கத்திலும் இடப்பாதியின் ஒரு வலைப்பின்னல் அரைகுறையாக விழித்து, பழக்கமில்லாத சத்தம் கேட்கிறதா என்று கவனித்துக்கொண்டிருந்தது. சில நாள் கழித்து அதே இடத்தில் படுத்தவர்களுக்கு அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. 1999இல் காட்டு வாத்துகளை ஆராய்ந்தவர்கள், வரிசையின் ஓரத்தில் தூங்கும் வாத்து வெளிப்பக்கத்துக் கண்ணைத் திறந்துவைத்தே தூங்குவதைக் கண்டார்கள். நடுவில் இருப்பவை அந்த அளவுக்கு அப்படிச் செய்யவில்லை. பேருந்து நிலையத்தில் லத்தியும் திருடனும் குடிகாரனும் மாறி மாறி எழுப்பும் ஒருவருக்கு எல்லா இரவும் முதல் இரவாகவே கழிகிறதோ என்று எனக்குத் தோன்றுகிறது. தெருவில் வாழும் பெண்கள் இரவில் கண்ணயராமல், பகலில் கோயில் வாசலில் உட்கார்ந்தபடியே தூங்குவது இதனால்தான் என்று நினைக்கிறேன். ஆகவே பழகிய குழுக்கள் முதல் வாரம் கதவுப் பக்கத்துப் பாயையே கொடுக்கின்றன. மூட்டையைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்கின்றன. குழுவில் ஒருவர் விழித்திருக்கிறார். ஓரத்து வாத்தின் வேலையை இன்னொருவர் எடுத்துக்கொண்டால்தான் புதிதாக வந்தவர் இரண்டு கண்ணையும் மூடுவார்.

நன்கொடை எதற்கு வரும் என்பதும் இங்கே பெரிய சிக்கல். பிறந்தநாளுக்கு நூறு பேருக்குச் சாப்பாடு போடப் பலர் முன்வருவார்கள், அது நல்ல மனசு. இரவு விழித்திருக்கிறவரின் சம்பளத்துக்கு, தயமின் மாத்திரைக்கு, கையுறைக்கு, ஆட்டோவின் டீசலுக்குப் பணம் திரட்டுவதுதான் சிறு அமைப்பை நடத்துகிறவர்களின் தூக்கத்தைக் கெடுக்கிறது. படம் எடுத்துக் காட்டமுடியாத செலவில்தான் உயிர் நிற்கிறது.

மனநோயோடு திரிகிறவர்கள் திருச்சிக்கு எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். ஹவுராவிலிருந்து இங்கே நேரடி விரைவு ரயில் உண்டு, அது இங்கேயே முடிகிறது. எங்கே இறங்குவது என்று தெரியாதவர் வண்டி நின்ற இடத்தில் இறங்குகிறார். ஏன் கிளம்பினார்? ஷிதிஜ் கபூர் என்ற மனநல அறிஞர் 2003இல் ஒரு விளக்கம் தந்தார். மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள், எது முக்கியம் என்று நமக்குச் சுட்டிக்காட்டுவது. மனச்சிதைவில் அது நேரம் காலம் இல்லாமல் சுரக்கும்போது, சுவரொட்டி, ரயிலின் கூவல், எதிரே வருபவரின் இருமல் எல்லாமே தன்னைக் குறித்தே நடப்பதாகப் படும். அதற்கெல்லாம் ஒரு காரணம் தேடி மனம் கட்டும் கதையே நாம் வெளியில் பார்ப்பது. 1952 முதல் புழக்கத்துக்கு வந்த மருந்துகள் டோபமின் ஏற்பிகளைச் சில மணி நேரத்தில் அடைத்துவிடும். ஆனாலும் ஏற்கெனவே கட்டிய கதை உதிர வாரக்கணக்கில் ஆகிறது. முதலில் தூக்கம் வரும், பிறகு பதற்றம் தணியும், குரல் பின்னுக்குப் போகும். ஒரு நாள் ஊர்ப் பெயர் வரும்.

அதற்காகக் காத்திருக்கிறவர்கள் முகவரி கேட்பதில்லை. ஊரில் என்ன பயிர், சந்தை என்று கூடும், எந்த ஆறு, திருவிழா எந்தச் சாமிக்கு என்று கேட்கிறார்கள். பேச்சின் சாயலை வைத்து மாநிலத்தையும், பதில்களை வைத்து மாவட்டத்தையும் நெருங்கி, பிறகு அங்குள்ள காவல் நிலையத்துக்குத் தொலைபேசி. சென்னையில் 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கிய ‘தி பேனியன்’ வீடற்ற பெண்களுக்கு இந்த வேலையைச் செய்கிறது. மும்பை அருகே மருத்துவர் பரத் வத்வானியின் ‘ஷ்ரத்தா’ 1988 முதல் இதைச் செய்துவருகிறது. அவருக்கு 2018இல் மகசேசே விருது கிடைத்தது. அந்த அனுபவங்களிலிருந்து தமிழக அரசும் சில மாவட்டங்களில் அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்களைத் தொடங்கியது, பக்கத்துப் புதுக்கோட்டையில் அப்படி ஒன்று உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டியிருந்த நிலையில் 28 பேர் தீயில் இறந்த மாநிலம் இது என்பதை நினைத்தால், வந்திருக்கும் தூரம் தெரியும்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 100ஆம் பிரிவில், மனநோயோடு தன்னைக் காத்துக்கொள்ள முடியாமல் திரிகிறவரைக் காவல்துறை பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறது. லாக்கப்பில் அடைக்கக் கூடாது. திருச்சியில் அது புத்தூரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையாக இருக்கும். இந்தப் பிரிவை நகலெடுத்துச் சட்டைப்பையில் வைத்திருக்கும் தன்னார்வலருக்கு ஸ்டேஷனில் பாதி வேலை முடிந்துவிடும்.

ஊர் கிடைத்து ஆளை அனுப்பும்போது கூடவே போக வேண்டியவை சில உண்டு. ஒரு மாதத்துக்கு மாத்திரை. மருந்தின் பெயரும் அளவும் அந்த ஊர் மருத்துவர் படிக்கக்கூடிய எழுத்தில். அந்த மாவட்ட மனநலத் திட்டத்தில் மருந்து இலவசமாகக் கிடைக்கும் மருத்துவமனையின் பெயர். மாத்திரையை நிறுத்தினால் பல பேருக்கு நோய் திரும்பும் என்று வீட்டாருக்குச் சொல்ல ஒரு பொறுமையான ஆள். பிறகு மாதம் ஒரு முறை தொலைபேசி, குறைந்தது ஒரு வருடம்.